எதிரே வருபவர் என்ன செய்யப் போகிறார்? நீலகிரி மலைப்பாதையில் ஓட்டுபவர்களின் கவனிப்புகள்

#1 மலைச்சக்கரம், குன்னூர்

சீசன் நெருங்குகிறது. வழக்கம்போல மேட்டுப்பாளையத்திலிருந்து பர்லியார் வழியாக ஏறவும் கோத்தகிரி வழியாக இறங்கவும் என்று ஒருவழிப் பாதையாக மாற்றிவிடுவார்கள். அதற்கு முந்தைய வாரங்கள்தான் எனக்குக் கவலை. கூட்டம் வந்துவிடும், ஆனால் இரண்டு பாதையிலும் இரு பக்கமும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் வார நாளுக்கு 6,000 வண்டி, வார இறுதிக்கு 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வந்தது. எண்ணிக்கையை அரசு பார்த்துக்கொள்ளும். ஓட்டும் விதத்தை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுற்றுலா டாக்சி ஓட்டுவது என் தொழில். இந்த மலையில் ஓட்டத் தெரியாமல் மோதுகிறவர்களைவிட, "அவர் நிற்பார்", "அவர் ஒதுங்குவார்" என்று நம்பி மோதுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். எதிரே வருபவர் விதிப்படி என்ன செய்ய வேண்டும் என்பது ஒன்று. அடுத்த மூன்று நொடியில் என்ன செய்யப் போகிறார் என்பது வேறொன்று. நான் இரண்டாவதைப் பார்த்துத்தான் ஓட்டுகிறேன்.

இதற்கு இண்டிகேட்டர் உதவாது. பலர் போடுவதில்லை, போட்டவர்கள் அணைப்பதில்லை. நான் வண்டிக்குள் இருக்கும் ஆட்களைப் பார்ப்பேன். குன்னூரிலிருந்து ஊட்டி போகும்போது கேத்தி பள்ளத்தாக்கு தெரியும் இடம் வந்ததும், முன்னால் போகும் காரின் பின்சீட்டில் எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பும். கண்ணாடி இறங்கும், செல்போனோடு ஒரு கை வெளியே வரும். அந்தக் கார் நிற்கப் போகிறது என்று அர்த்தம். ஓரம்கூடப் போகாமல் அப்படியே நிற்கும். பிரேக் லைட் எரிவதற்கு முன்பே என் கால் ஆக்சிலேட்டரை விட்டிருக்கும். ரன்னிமேடு பக்கம் மலை ரயிலின் ஊதல் கேட்டாலும் இதே கதைதான். பர்லியாரில் பழக்கடைகளும் குரங்குகளும் உண்டு. கடைப் பக்கம் பார்த்துக்கொண்டே ஓட்டுகிற ஓட்டுநர் கடையைத் தாண்டிய பிறகுதான் பிரேக் போடுவார். சிலர் அங்கேயே ரிவர்ஸும் எடுப்பார்கள்.

அடுத்தது நம்பர் பலகை. குறை சொல்வதற்காக இல்லை, கணிப்பதற்காகப் பார்க்கிறேன். டிஎன் 43 என்றால் பாதை தெரிந்தவர். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால் வாடகைக்கு எடுத்துத் தானே ஓட்டும் கார். அவருக்குப் பாதை மட்டுமில்லை, வண்டியும் புதிதாக இருக்கலாம். கிளட்ச் எங்கே பிடிக்கும் என்றுகூடத் தெரியாமல் ஏற்றத்தில் நிற்பார். அவருக்குப் பின்னால் ஒட்டி நிற்கவே கூடாது. பிரேக் லைட் அணைந்தும் வண்டி முன்னே நகரவில்லை என்றால், அடுத்த நொடி அது பின்னால் உருளும்.

"மெதுவாகப் போங்கள், கவனமாகப் போங்கள்" என்று எழுத வேண்டாம் நண்பர்களே. எதைப் பார்த்தீர்கள், அதிலிருந்து என்ன கணித்தீர்கள் என்று எழுதுங்கள்.

#2 தேயிலைச்சாரல், அருவங்காடு

ஸ்கூட்டர் ஓட்டும் பெண்ணாக என் பங்கு.

ஓரத்தில் நிற்கும் காரைக் கடக்கும்போது அதன் முன்சக்கரத்தைப் பாருங்கள். சக்கரம் சாலைப் பக்கம் திரும்பியிருந்தால் அவர் கிளம்பப் போகிறார். சந்திப்பிலும் ஓட்டுநரின் முகத்தைப் பார்ப்பதைவிடச் சக்கரத்தைப் பார்ப்பதுதான் எனக்குப் பயன்படுகிறது. நம்மைப் பார்த்தபடியே நகர்த்துகிறவர்கள் உண்டு. வண்டி நகர்வதைக் கண் உணர்வதற்கு முன்பே சக்கரம் சுழல்வது தெரிந்துவிடும்.

அப்புறம் கதவு. டீக்கடை முன் இப்போதுதான் நின்ற கார் என்றால், வலப்பக்கக் கதவு திறக்கும் என்றே வைத்துக்கொள்கிறேன். பின் கண்ணாடி வழியாக உள்ளே தலைகள் அசைவது தெரிந்தால் ஒரு கதவு அகலம் விட்டுத்தான் கடப்பேன். எதிரே பஸ் வந்து அந்த அகலம் கிடைக்கவில்லை என்றால், காருக்குப் பின்னாலேயே நின்றுவிடுவேன்.

கார்டைட் தொழிற்சாலை ஷிப்ட் விடும் நேரத்தில் அருவங்காடு சாலையில் ஒரே நேரத்தில் எத்தனை இருசக்கர வண்டி சேரும் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களாவது அந்த நேரத்தில் ஓவர்டேக் செய்யாமல் இருக்கலாம்.

#3 பழைய ஸ்டியரிங், ஊட்டி

அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். கொண்டை ஊசி வளைவில் பஸ் என்ன செய்யும் என்பது கார் ஓட்டுகிற பலருக்குப் புரிவதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். ஏறும்போது வளைவு இடது கைப்பக்கம் திரும்பினால், ஏறுகிற வண்டிக்கு உள்வட்டம். வளைவிலேயே அதிகக் குறுகலும் அதிகச் செங்குத்தும் அந்த உள்வட்டம்தான். அங்கே பஸ்ஸை நேராக இடது பக்கம் ஒடித்தால் பின்சக்கரம் உள்சுவரில் ஏறிவிடும். அதனால் ஓட்டுநர் முதலில் வலது பக்கம், அதாவது இறங்கி வருகிறவரின் பாதைக்குள் மூக்கை விட்டு, அப்புறம்தான் இடது ஒடிப்பார். வேறு வழி அவருக்கு இல்லை. "பஸ்காரன் என் பக்கம் ஏறி வந்துவிட்டான்" என்று திட்டுகிற கார்க்காரர் நிற்க வேண்டிய இடம் வளைவுக்குள் இல்லை, வளைவுக்கு மேலே. கீழே பஸ் தெரிந்த உடனே, வளைவுக்கு இரண்டு வண்டி நீளம் முன்னால் நின்றுவிட்டால் பஸ் ஒரே மூச்சில் ஏறிப் போய்விடும். வளைவுக்குள் வந்து நின்றுவிட்டால் இரண்டு பேருமே மாட்டிக்கொள்வோம். பின்னால் பத்து வண்டி ஒட்டி நிற்கும், ரிவர்ஸும் எடுக்க முடியாது.

வளைவு மறுபக்கம் திரும்பினால், இறங்குகிற வண்டிக்கு உள்வட்டம். அப்போது இறங்கும் பஸ் வெளியே வீசிக்கொண்டு வரும். ஏறுகிறவர் கொஞ்சம் கீழேயே நின்று வழிவிட வேண்டும்.

இருசக்கர வண்டி ஓட்டும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். பஸ் வலப்பக்கம் போனதும் இடது பக்கம் ஒரு சந்து திறக்கும். அதில் நுழையாதீர்கள். அடுத்த நொடி பின்சக்கரம் அந்த இடத்துக்குத்தான் வரும். ஓட்டுநருக்கு அந்தப் பக்கக் கண்ணாடியில் நீங்கள் தெரியவே மாட்டீர்கள்.

#4 வேகத்தடை, கோயம்புத்தூர்

ஐயா எழுதியதில் ஒரு சந்தேகம். மலைப்பாதையில் ஏறும் வண்டிக்குத்தானே முன்னுரிமை? 1989-ஆம் ஆண்டுச் சாலை விதிகளிலேயே அது இருந்தது. அப்படியிருக்க, ஏறும்போதும் நான் ஏன் நின்று வழிவிட வேண்டும்? இறங்குபவர் கட்டாயம் நிற்பார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாதா?

#5 பழைய ஸ்டியரிங், ஊட்டி

தம்பி, விதி நீங்கள் சொன்னதுதான். சாலை போதிய அகலம் இல்லாத இடத்தில், இறங்குகிறவர் ஒதுங்கி ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும். காரணமும் நியாயமானது. ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்புவது கஷ்டம், பின்னால் உருளும். லோடு வண்டியாக இருந்தால் கிளட்ச் தேய்ந்து கருகும்.

ஆனால் அந்த விதி சமவெளியிலிருந்து வருகிற எத்தனை பேருக்குத் தெரியும்? உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, அதுவே எனக்குச் சந்தோஷம். எதிரே வருகிறவருக்கும் தெரியும் என்று வைத்துக்கொண்டு வளைவுக்குள் போகாதீர்கள். அவர் வேகத்தைக் குறைப்பது கண்ணுக்குத் தெரிந்த பிறகு உங்கள் முன்னுரிமையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் இருக்கிறது. இறங்குகிற வண்டி நிற்க நினைத்தாலும் நிற்க முடியாமல் போகலாம். பிரேக் சூடேறியிருந்தால் விதியைக் காட்டி அதை நிறுத்த முடியாது.

#6 மலைச்சக்கரம், குன்னூர்

ஐயா சொன்னதற்கு ஒரு சின்னக் கணக்கு. 40 கிமீ வேகம் என்றால் நொடிக்கு 11 மீட்டர். இரண்டு வண்டியும் 40-ல் எதிரெதிரே வந்தால் நடுவில் இருக்கும் தூரம் நொடிக்கு 22 மீட்டர் குறையும். எதிரே இருப்பவரைப் பார்த்து, புரிந்து, காலை பிரேக்குக்குக் கொண்டுபோகவே ஒன்றரை நொடி ஆகிவிடும். அதற்குள் 33 மீட்டர் போய்விட்டது, இருவரும் இன்னும் பிரேக்கே மிதிக்கவில்லை. பர்லியார் பாதையின் 14 வளைவுகளில் எதிலும் அவ்வளவு தூரம் முன்கூட்டித் தெரியாது. வளைவுக்கு மறுபக்கம் இருப்பதைக் கண்ணால் பார்த்து முடிவெடுக்க முடியாது என்பதால்தான் கணிப்பைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

#7 லைனிங் பட்டறை, மேட்டுப்பாளையம்

மலையிலிருந்து இறங்கி நேராக என் பட்டறைக்கு வருகிற வண்டிகளை வைத்துச் சொல்கிறேன்.

உங்களுக்கு முன்னால் இறங்குகிற காரின் பிரேக் லைட் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறதா? அந்த ஓட்டுநர் கியரில் வண்டியைப் பிடிக்கவில்லை, காலிலேயே பிடிக்கிறார். ஆட்டோமேட்டிக் கார்களில் இது நிறைய. 'டி'-யில் போட்டுவிட்டு அப்படியே இறங்குவார்கள். கீழ்க் கியருக்கு 'எல்' அல்லது மேனுவல் முறை இருப்பதே பலருக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் கருகல் வாசம் வரும். பிரேக் லைனிங் சூடானால் பிடிப்பு குறையும். பிரேக் ஆயில் பழையதாக இருந்தால் இன்னும் ஆபத்து. டாட் 3 வகை ஆயிலுக்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு அது 140 வரை இறங்கிவிடும். டாட் 4 என்றால் 230-இலிருந்து 155. ஆயில் கொதித்துக் குமிழி வந்தால் பெடல் கால் வைத்ததும் உள்ளே போய்விடும், பிடிக்காது.

அப்படிப்பட்ட வண்டிக்கு முன்னால் நீங்கள் போய்க்கொண்டிருந்தால், அகலமான இடம் பார்த்து ஒதுங்கி அதைப் போகவிடுங்கள். பின்னால் இருந்தால் இடைவெளி விட்டு வாருங்கள். நிறுத்திச் சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் கட்டாயம் சொல்லுங்கள். அரை மணி நேரம் நிறுத்தி ஆறவிட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது. சூட்டில் டிஸ்க் விரிசல் விடும். ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்கலாம். கிளம்பும்போது அந்தக் கல்லை ஓரத்தில் தூக்கிப் போட்டுவிட்டுப் போக வேண்டும். வளைவில் கிடக்கும் கல்லில் ஏறி விழுந்த பைக்குகளும் என் பட்டறைக்கு வருகின்றன.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி பாதை பற்றியும் ஒன்று: 36 வளைவு, பயங்கர இறக்கம். வெளிமாவட்ட வண்டிகள் ஊட்டியிலிருந்து அந்த வழியே இறங்கத் தடை இருப்பது இப்படிப்பட்ட விபத்துகளால்தான். மேப் அந்த வழியைக் காட்டினாலும் போகாதீர்கள்.

#8 பவானிக்கரை, ஈரோடு

வணக்கம். இங்கே புதியவள். சமவெளியில் நன்றாக ஓட்டுவேன், மலைப்பாதையில் ஓட்டியதில்லை. அடுத்த மாதம் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு குன்னூர் வர வேண்டும். எல்லாரும் எழுதுவதைப் படித்தால் நன்றாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. எனக்கு இருக்கும் பெரிய பயம், பின்னால் ஒட்டிக்கொண்டு ஹாரன் அடிப்பவர்கள். அவர்களுக்காக வேகத்தைக் கூட்ட வேண்டியிருக்குமோ?

#9 தேயிலைச்சாரல், அருவங்காடு

வேண்டாம் அக்கா. ஹாரன் அடிப்பவருக்காக வேகம் கூட்டவும் வேண்டாம், பதறி உடனே ஓரம் கட்டவும் வேண்டாம். அகலமான இடம் வரும்வரை உங்கள் வேகத்திலேயே போங்கள். அந்த இடம் வந்ததும் முன்கூட்டியே இண்டிகேட்டர் போட்டு, ஒதுங்கி, அவரை அனுப்பிவிடுங்கள். நீங்கள் அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரிந்தாலே பாதி அவசரம் அடங்கிவிடும். நடுவில் திடீரென்று வேகம் கூட்டி, திடீரென்று குறைப்பவர்களுக்குப் பின்னால் ஸ்கூட்டரில் போவதுதான் எங்களுக்கு ஆபத்து.

#10 பச்சை இலை, கோத்தகிரி

மேலே எல்லாரும் வெளியூர்க்காரர்களையே சொல்கிறீர்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை.

சாயங்காலம் தோட்டத்திலிருந்து ஃபேக்டரிக்குப் பச்சை இலை ஏற்றிப் போகும் பிக்கப்புகளைப் பாருங்கள். வளைவில் உள்பக்கம் வெட்டி, எதிர்ப்பக்கத்தில் ஏறித்தான் போவார்கள். ஏன்? தினமும் அதே நேரத்தில் அதே வளைவில் எதிரே யாரும் வந்ததில்லை. வராது என்று மனசு முடிவு செய்துவிட்டது. நம் ஊர் ஜீப்புகளும் அப்படித்தான். வெளியூர்க்காரர் பயத்தில் தப்பு செய்கிறார், நம்மவர் பழக்கத்தில் செய்கிறார். பயந்தவரை ஒரு கிலோமீட்டர் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். பழகியவர் வளைவில் வந்து நிற்கும்வரை தெரியாது. டிஎன் 43 பலகையைப் பார்த்து மலைச்சக்கரம் அண்ணா நிம்மதி அடைகிறார் என்றால், நான் அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் ஓரமாகப் போவேன்.

கட்டபெட்டு சந்திப்பிலும் பாருங்கள். மேப் பார்த்து வருபவர் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நடுவில் நிற்பார். உள்ளூர்க்காரர் பொறுமையில்லாமல் அவருக்கு வலப்பக்கம் புகுந்து போவார். இரண்டு பேரையும் சேர்த்துக் கணிக்க வேண்டும்.

இலைக் கொழுந்து சீசனில், வேலை முடிந்து சாலையோரம் வரிசையாக நடந்துபோகும் பெண்களையும் நினைவில் வையுங்கள். மழை என்றால் தலையில் பிளாஸ்டிக் தாள் போர்த்தியிருப்பார்கள். அவர்களுக்குப் பக்கவாட்டில் வருவது தெரியாது, ஹாரன் சத்தமும் மந்தமாகத்தான் கேட்கும்.

#11 மலைச்சக்கரம், குன்னூர்

சரியாகச் சொன்னீர்கள். நான் எழுதும்போது உள்ளூர் பலகை என்றால் "பாதை தெரிந்தவர்" என்று மட்டும்தான் சொன்னேன். "பாதை தெரிந்தவர், அதனால் எதிரே வருபவரை எதிர்பார்க்க மாட்டார்" என்று உங்கள் வரியையும் சேர்த்துப் படிக்கச் சொல்கிறேன்.

#12 கேரட் லோடு, கேத்தி பாலாடா

ராத்திரி கேரட் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறவன். லாரிக்காரன் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

முதலில் இந்த இண்டிகேட்டர் குழப்பம். முன்னால் போகிற லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் என்ன அர்த்தம்? சிலர் "நீ போகலாம்" என்பதற்குப் போடுகிறார்கள், சிலர் "எதிரே வண்டி வருகிறது, வராதே" என்பதற்கு, சிலர் உண்மையாகவே வலப்பக்கம் திரும்ப. ஊருக்கு ஊர் வேறு. அதனால் லைட்டை நம்பாதீர்கள். லாரியின் இடது டயரைப் பாருங்கள். நான் சைடு கொடுக்கிறேன் என்றால் ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியே போய் வேகத்தையும் குறைத்திருப்பேன். டயர் நடுவிலேயே ஓடினால், லைட் என்ன சொன்னாலும், கை என்ன காட்டினாலும் வராதீர்கள். அப்படி நான் ஒதுங்கினாலும், எதிரே காலி என்று நீங்களும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

லோடு இருக்கிறதா இல்லையா என்று சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஸ்பிரிங் பட்டையைப் பார்த்தால் தெரியும். காலி லாரி குதித்துக்கொண்டு வரும், ஏற்றத்தில் வேகமாக வரும். லோடு லாரி அமுங்கி, சின்னக் கியரில் உறுமிக்கொண்டு இறங்கும். அந்த உறுமல் கேட்டால் ஓட்டுநர் இன்ஜினில் வண்டியைப் பிடித்திருக்கிறார், நல்லது. லோடு லாரி சத்தமே இல்லாமல் வேகமாக இறங்கினால் ஒதுங்கி நில்லுங்கள்.

சாலையில் பச்சைத் தழையோ மரக்கிளையோ கிடந்தால் காற்றில் விழுந்தது என்று ஏறிப் போகாதீர்கள். வளைவுக்கு அந்தப் பக்கம் வண்டி நின்றுபோயிருக்கிறது, கிளீனர் பையன் வைத்திருப்பான். அதைப் பார்த்த இடத்திலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும்.

ராத்திரியில் ஒரு வசதி உண்டு. வளைவுக்கு அப்பால் வரும் வண்டியின் வெளிச்சம் எதிர்ப் பாறையிலும் மரங்களிலும் முன்பே விழும். பகலில் அது கிடையாது. ஆனால் ஒற்றை லைட் வந்தால் பைக் என்று நினைக்காதீர்கள். ஒரு பக்க லைட் போன லாரியாகவும் இருக்கலாம். அந்த லாரியில் உங்களை ஒட்டி வரும் பக்கத்து லைட்தான் எரியவில்லை என்று வைத்துக்கொண்டு இடம் விடுங்கள்.

#13 நடுவட்டம் மழை, கூடலூர்

எங்கள் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூடுபனியும் மழையும். பனியில் ஹசார்ட் லைட் (நான்கு இண்டிகேட்டரும் ஒன்றாக மின்னுவது) போட்டு ஓட்டுகிறவர்களால் பெரிய தொல்லை. நிற்கிறாரா, போகிறாரா, திரும்புகிறாரா ஒன்றும் தெரியாது. லோ பீம் போதும். முன்னால் போகும் சிவப்பு விளக்கை மட்டும் பிடித்துக்கொண்டு போவதும் தவறு. அவர் பாதையை விட்டால் நாமும் விடுவோம். ஓர வெள்ளைக் கோட்டைப் பிடித்துப் போங்கள்.

நேரத்தையும் கணக்கில் எடுங்கள். பந்திப்பூர் வழி இரவு 9 மணிக்கு மூடப்படும், காலை 6 மணிக்குத்தான் திறக்கும். அதனால் இரவு எட்டு மணி வாக்கில் தொரப்பள்ளியிலிருந்து கக்கனல்லா வரை கர்நாடகம் போகிறவர்கள் பறப்பார்கள். யார் ஓவர்டேக் செய்வார் என்று அந்த நேரத்தில் நான் யோசிப்பதே இல்லை. பின்னால் வருகிற எல்லாருமே செய்வார்கள் என்று வைத்துக்கொண்டு ஓரமாகப் போகிறேன்.

யானை விஷயம். எதிரே வருகிறவர்கள் பகலில் லைட்டை அடித்துக் காட்டி, கையைக் கீழே அசைத்தால் முன்னால் மிருகம் இருக்கிறது. ஒரு காட்டெருமை கடந்ததும் கிளம்பாதீர்கள். பின்னால் கூட்டம் வரும். யானையும் அப்படியே, அதிலும் குட்டி இருந்தால் கேட்கவே வேண்டாம். முக்கியமானது இது: யானை சாலையில் நின்றால் முதல் கார் ரிவர்ஸ் எடுக்கும். இரண்டாவது கார் ஒட்டி நின்றிருந்தால் போக இடம் இருக்காது. குஞ்சப்பனையில் பலாப்பழ சீசனில் இது அடிக்கடி நடக்கும். இரண்டு வண்டி நீளம் விட்டு நில்லுங்கள். அந்த இடைவெளியில் புகுந்து முன்னே போய் வீடியோ எடுக்க ஒருவர் வருவார். அவருக்கு வழிவிடாதீர்கள்.

#14 குறிஞ்சிப்பாறை, பெருமாள்மலை

கொடைக்கானல் பக்கமும் இதேதான், அதனால் சேர்ந்துகொள்கிறேன். எங்களுக்கு வெள்ளி நீர்வீழ்ச்சி இருக்கும் வளைவு. சாலையை ஒட்டியே அருவி, வண்டி நிறுத்துகிற இடம் கொஞ்சம், நிற்கிற வண்டி நிறைய. குழந்தைகள் அருவியைப் பார்த்ததும் சாலையைப் பார்க்காமல் ஓடி வரும். அங்கே நான் வண்டிகளைப் பார்ப்பதில்லை, வண்டிகளுக்கு அடியில் தெரியும் கால்களைப் பார்க்கிறேன். நின்ற வேனுக்கு அந்தப் பக்கம் சின்னக் கால்கள் தெரிந்தால் நின்றுவிடுவேன்.

தைப்பூசம், பங்குனி உத்திரம் முடிந்ததும் பழனியிலிருந்து வேன்கள் மேலே ஏறும். முன்னால் மாலை தொங்கும். அந்த ஓட்டுநர் இரண்டு ராத்திரி தூங்கியிருக்க மாட்டார் என்றே எடுத்துக்கொள்கிறேன். அறிகுறி தெரியும். வளைவுக்குள் வந்த பிறகுதான் பிரேக் போடுவார், நேர்ப்பாதையில் கோட்டைத் தொட்டுத் தொட்டு விலகுவார். பெருமாள்மலையில் பழனி சாலை வந்து சேரும் இடத்தில் அவர் நிற்பார் என்று நான் எதிர்பார்ப்பதில்லை.

#15 பழைய ஸ்டியரிங், ஊட்டி

தூக்கம் பற்றிப் பெருமாள்மலை நண்பர் சொன்னது இங்கும் பொருந்தும். சென்னையிலிருந்தும் பெங்களூருவிலிருந்தும் இரவு முழுக்க ஓட்டிக்கொண்டு விடிகாலையில் மலை ஏறுவார்கள். காலையில் பாதை காலியாக இருக்கிறதே என்று நம்மவர்கள் வேகமாக இறங்கும் நேரமும் அதுதான். 2023 செப்டம்பரில் மரப்பாலம் அருகே சுற்றுலாப் பஸ் கவிழ்ந்து ஒன்பது பேர் போனதை இந்தப் பாதையில் ஓட்டுகிற யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒரு வண்டியில் ஐம்பது உயிர் இருக்கிறது. பெரிய வண்டிக்கு இடம் கொடுங்கள். அது உங்கள் காரை நசுக்கிவிடும் என்ற பயத்தில் மட்டும் கொடுக்காதீர்கள், உள்ளே இருப்பவர்களுக்காகவும் கொடுங்கள்.

வளைவில் அடிக்கும் ஹாரன் பற்றி யாரும் எழுதவில்லை. வளைவுக்கு முன் ஒரு நீண்ட ஹாரன் அடித்து, பதில் வராவிட்டால் எதிரே யாரும் இல்லை என்று முடிவு செய்வது தவறு. கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு, பாட்டும் வைத்திருப்பவருக்குக் கேட்காது. கேட்டவரும் பதில் அடிக்க வேண்டும் என்று அறியாமல் இருக்கலாம். பதில் வந்தால் ஆள் உண்டு. வராவிட்டால் நமக்கு ஒன்றும் தெரியாது, அவ்வளவுதான். உங்கள் பக்கத்துக் கண்ணாடியை நான்கு விரல் இறக்கி வையுங்கள். ஏறி வரும் பஸ்ஸின் இன்ஜின் சத்தம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதில் விழும்.

#16 வேகத்தடை, கோயம்புத்தூர்

ஐயா, நான்கு விரல் கண்ணாடி இறக்கும் யோசனையை இதுவரை எங்கும் கேட்டதில்லை. நன்றி. முன்னுரிமை பற்றி நீங்கள் சொன்னதையும் ஏற்றுக்கொள்கிறேன். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். விதி தெரியாதவர்களுக்காக நாம் எப்போதும் ஒதுங்கிக்கொண்டே இருந்தால் விதி யாருக்கும் தெரியாமலே போய்விடும். கல்லாறு சோதனைச் சாவடியிலேயே "ஏறும் வண்டிக்கு வழிவிடு" என்று பெரிய பலகை, இ-பாஸ் அனுப்பும்போதே ஒரு வரி, இதையெல்லாம் மாவட்ட நிர்வாகத்திடம் கேட்கலாமே?

#17 பச்சை இலை, கோத்தகிரி

கேட்கலாம், நானும் கையெழுத்துப் போடுகிறேன். இ-பாஸில் வரி சேர்ப்பது நல்ல யோசனை. மலை ஏறுகிற ஒவ்வொருவர் போனிலும் அது இருக்கும்.

#18 பவானிக்கரை, ஈரோடு

எல்லாருக்கும் மிக்க நன்றி. அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். கடைசியாக ஒன்று: எங்கள் கார் ஆட்டோமேட்டிக். பட்டறை அண்ணா சொன்ன மேனுவல் முறையை எங்கே, எப்படிப் பழகுவது? எந்த நேரத்தில் ஏறினால் புதியவளுக்கு நல்லது?

#19 லைனிங் பட்டறை, மேட்டுப்பாளையம்

வீட்டுப் பக்கத்து மேம்பாலத்திலேயே பழகலாங்க. உச்சியில் 'எம்' அல்லது 'எல்'-க்கு மாற்றி, கால் எடுத்து இறங்கிப் பாருங்கள். இன்ஜின் சத்தம் கூடும், பயப்பட வேண்டாம், வண்டி பிடித்துக்கொள்ளும். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் தாண்டியிருந்தால் கிளம்புவதற்கு முன் மாற்றிவிடுங்கள். இறக்கத்தில் எந்தக் காரணத்துக்கும் நியூட்ரல் வேண்டாம். இன்ஜினை அணைக்கவே கூடாது, பிரேக் கல்லாகிவிடும்.

#20 மலைச்சக்கரம், குன்னூர்

நேரம் பற்றி: வார நாளில் வாருங்கள். காலை ஏழரை மணிக்குக் கல்லாறு தாண்டுகிற மாதிரி கிளம்பினால் வெளிச்சம் நன்றாக இருக்கும், சுற்றுலாக் கூட்டமும் இன்னும் ஏறியிருக்காது. இறங்குவதை ஞாயிற்றுக்கிழமை மாலைக்கு வைக்க வேண்டாம், திங்கள் காலை இறங்குங்கள். அதற்குள் ஒருவழிப் பாதை தொடங்கியிருந்தால் கோத்தகிரி வழியாகத்தான் அனுப்புவார்கள். அந்தப் பாதையில் குஞ்சப்பனை தாண்டும்வரை கீழ்க் கியரிலேயே வாருங்கள்.

கல்லாறில் ஒரு டீ குடித்துவிட்டு ஏறுங்கள். நீங்கள் வரும் தேதி முடிவானதும் இங்கே எழுதினால், அன்றைய பாதை நிலவரத்தைக் காலையிலேயே போடுகிறேன்.